கப்பலில் பரிமாறப் போகிறேன், அண்ணி

அண்ணி,

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வேகவைத்த மல்லாட்டையின் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. ரயில் அரக்கோணத்தைத் தாண்டிவிட்டது. மதியம் திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா ஜன்னலோரம் வந்தார். "சூடா கீது கண்ணு, வாங்கிக்கோ. வண்டி கெளம்பிடும், ஜல்தி" என்றார். உங்கள் ஊர்ப் பேச்சு. பசி இல்லை, ஆனாலும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் உப்பும் ஈரமண்ணும் கலந்த அந்த ஆவி முகத்தில் அடித்தது. உடனே திண்டிவனம் பஸ் நிலையம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. முகூர்த்தப் பந்தியில் பரிமாறி முடித்துவிட்டு, ஒரே நிறச் சீருடைச் சேலையில் நீங்களும் நானும் நிற்கிறோம். மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே, மாப்பிள்ளையின் அத்தை மண்டபத்தில் எப்படி நடந்தார் என்று நீங்கள் நடந்து காட்டுகிறீர்கள். நடந்து முடிப்பதற்குள் விழுப்புரம் பஸ் போய்விடுகிறது. "போவட்டும் வுடு, அடுத்தது காலியா வரும்" என்பீர்கள். அடுத்தது ஒருநாளும் காலியாக வந்ததில்லை.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நான் கப்பலுக்கு வேலைக்குப் போகிறேன். இந்த ரயில் மும்பை வரைக்கும். அங்கே துறைமுகத்தில் ஏற வேண்டும். சுற்றுலாப் பயணிகள் வரும் பெரிய கப்பல். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் தொடங்கும் வரை ஒரு சீசன். நமக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லாத மாதிரி, அந்தக் கப்பலுக்கும் மழை மாதங்களில் வேலை இல்லை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் முகூர்த்த மாதம் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும் போலிருக்கிறது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினொன்றாம் வகுப்பில் பாதி. அம்மாவுக்கு முட்டிவலி அதிகமாகிக் களையெடுக்கப் போக முடியவில்லை, வீட்டில் இன்னொரு கை வேண்டியிருந்தது. இனி வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. யாராவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பேன். சொந்தக்காரர்கள் வந்தால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பேன். புது மணப்பெண்ணான உங்களைப் பார்க்க வந்தவர்கள், "அந்தப் பொண்ணு ஊமையா?" என்று உங்களிடமே கேட்டார்கள். "இல்ல, அவ பாத்துக்கினு இருக்கா" என்று நீங்கள் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் நான் அதைக் கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் திண்டிவனத்தில் பந்தி பரிமாறும் பெண்களோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. என்னையும் அழைத்துப்போக வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. அம்மாவிடம் அதை நீங்கள் கேட்ட விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அம்மாவைக் கட்டாயப்படுத்தி முதலில் உட்கார வைத்தீர்கள். இலை போட்டு, சோறு வைத்து, கீரைக் குழம்பை ஊற்றி, அம்மா முதல் வாய் வைத்த பிறகு ஆரம்பித்தீர்கள்.

"அத்தே, பாப்பாவ என்கூட பந்திக்கு அனுப்புங்க."

"அவளா? நாலு பேரு முன்னாடி நிக்க மாட்டாளேடி அவ."

"நிக்க வேணாம் அத்தே. பரிமாறுறவங்க நடந்துக்கினேதான் இருக்கணும்."

"சோத்துல ஒக்காந்திருக்கறப்ப ஏன்டி உசுர வாங்கற?"

"எழுந்துட்டா நீங்க மாட்டுக்கொட்டாய்க்குப் போய்டுவீங்க. அப்புறம் உங்கள எங்க புடிக்கறது?"

அம்மாவுக்குச் சிரித்ததில் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "கூட்டிக்கினு போய்த் தொலை" என்றார். பிறகு பாத்திரம் கழுவும்போது என் காதருகே வந்து, "யாருகிட்டனா காரியம் ஆவணும்னா இலைல ஒக்கார வச்சிக் கேளு பாப்பா. பாதில எழுந்துக்க முடியாது பாரு" என்றீர்கள்.

முதல் பந்தியில் எனக்கு உப்பும் ஊறுகாயும் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் அதுதான். கை நடுங்கி ஒருவர் இலையில் உப்பு மலை மாதிரி விழுந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. நீங்கள் சாம்பார் வாளியோடு பின்னால் வந்து, "எடுத்துக்கோங்க சார், உப்பிட்டவர மறக்க மாட்டீங்க இல்ல?" என்றீர்கள். அந்த வரிசையே சிரித்தது. அடுத்த வரிசைக்குப் போகும்போது என்னிடம் மட்டும், "மூஞ்சப் பாக்காத பாப்பா. இலைய மட்டும் பாரு" என்றீர்கள்.

மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அன்றிலிருந்து இலையை மட்டும் பார்த்தேன். எந்த இலையில் பொரியல் தீர்ந்தது, யார் ரசத்துக்குக் குழி பறித்து வைத்திருக்கிறார்கள், யார் பாயசத்துக்காக அப்பளத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. வாயைத் திறக்காமல் மூன்று வரிசைகளைப் பார்த்துக்கொள்வேன். நீங்கள் எல்லா வரிசையிலும் பேசிக்கொண்டே இருப்பீர்கள். நம் குழுவில் சில கட்டளைகள் உண்டு. "போதுமா" என்று யாரையும் கேட்கக் கூடாது. "தீர்ந்துபோச்சு" என்று சொல்லக் கூடாது, "வருது" என்றுதான் சொல்ல வேண்டும். "வேணாம்" என்று ஒருவர் வாயால் சொன்னால் அது மரியாதைக்கு. இலைக்கு மேல் கையை மறித்தால்தான் உண்மையிலேயே வேண்டாம் என்று அர்த்தம். அதுவரை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "மாப்ள வூட்டுக்காரங்க வேணாம்னா ரெண்டு கரண்டி, பொண்ணு வூட்டுக்காரங்க வேணாம்னா ஒரு கரண்டி" என்று கணக்குச் சொல்வீர்கள்.

உங்களுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதை நான் புதுச்சேரிக் கடற்கரையில்தான் பார்த்தேன். ஆடி பிறந்து வேலை இல்லாத நாள். ஊரையே வாயால் அடக்குகிற நீங்கள் கருங்கல்லைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றீர்கள். "எனக்கு இங்கேந்தே நல்லாத் தெரியுது கடலு. அதுகிட்டப் போனா பேஜாரு" என்றீர்கள். நான் செருப்பைக் கழற்றி உங்களிடம் கொடுத்துவிட்டு, மணல் இருந்த பக்கமாக இறங்கி முட்டிவரை போனேன். அலை வந்து பாவாடையை இழுத்தது. கடல் என்னிடம் எதையும் கேட்கவில்லை, அதனால் எனக்கு அதைப் பிடித்திருந்தது. பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது: "பாப்பா, வந்துடுடீ! உங்க அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" கரையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். வழக்கமாக அப்படித் திரும்பினால் நான் செத்துப்போவேன். அன்று இன்னும் இரண்டு அடி உள்ளே போனேன்.

அதன் பிறகுதான் திண்டிவனத்தில் அந்தக் கல்யாணம். மாப்பிள்ளை கப்பலில் சமையல் வேலை செய்கிறவர் என்று கேள்விப்பட்டதும், நீங்கள் பாயச வாளியோடு அவருடைய கப்பல் நண்பர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போய், ஒருவர் முன்னால் நின்றீர்கள்.

"கப்பல்ல பொம்பளைங்களும் பரிமாறுவாங்களா தம்பி?"

"நெறைய பேரு இருக்காங்கக்கா. ஏன், நீங்க வர்றீங்களா?"

"அய்யோ, தண்ணியக் கண்டாலே எனக்கு ஆவாது. எங்க பாப்பா வருவா. அவளுக்குக் கடலுன்னா பயமே இல்ல."

பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருந்தால் போதும், பாஸ்போர்ட் வேண்டும், ஒரு பயிற்சி முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டீர்கள். அவர் எண்ணை என் போனில் 'கப்பல்' என்று பதிந்தீர்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ வேறு பெண்ணுக்கு வரன் பேசுவதைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டுக்காக வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். பேர், வயது, படிப்பு, எந்த நாட்டுக்குப் போகப் போகிறாய் என்பது வரை. கடைசியில் அவர், "ஏம்மா, பாஸ்போர்ட்டு அந்தப் பொண்ணுக்கா, உங்களுக்கா?" என்றார். "அவளுக்குத்தான் சார். நான் அவளுக்கு வாயி" என்றீர்கள். அவர் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்து வந்த வைகாசியில், முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்த வாரத்தில், தலைவலி என்று நீங்கள் படுத்தீர்கள். பகலில் நீங்கள் படுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்கூட ஆட்டோக்காரரிடம், "பள்ளத்துல வுடாத நைனா, நான் இன்னும் நாலு பந்தி பாக்கணும்" என்றீர்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அவர்களும் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை அண்ணி.

அதன் பிறகு வீட்டில் யாரும் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று அம்மா பேசவில்லை. அம்மா அழுவார் என்று அண்ணன் பேசவில்லை. நான் எப்போதுமே பேசியதில்லை. ஆனால் நான் பந்திக்குப் போவதை நிறுத்தவில்லை. போனில் இருந்த அந்த எண்ணுக்கு நானே செய்தி அனுப்பினேன். கூப்பிட்டுப் பேசத் தைரியம் வரவில்லை. அவர்தான் சென்னையில் நேர்முகத் தேர்வு நடக்கும் இடத்தைச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை. "போய்ட்டு வரட்டும். அங்க ஒரு வார்த்தை பேச மாட்டா, அவங்களே திருப்பி அனுப்பிடுவாங்க" என்று நிம்மதியாக இருந்தார். அண்ணன் துணைக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஒரு மேசை. அதில் அதிகாரி ஒருவர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாதவர். வேகவைத்த காய்கறிக் கிண்ணத்தையும் கரண்டியையும் கொடுத்து அவருக்குப் பரிமாறச் சொன்னார்கள். நான் இலையைப் பார்ப்பதைப் போலத் தட்டைப் பார்த்தேன். ஒரு கரண்டி வைத்தேன். "நோ மோர், தேங்க்யூ" என்றார். சரி, மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னொரு கரண்டி வைத்தேன். "எனஃப்" என்றார். இன்னொன்று வைத்தேன். அவர் "நோ, நோ" என்று தலையை ஆட்டினாரே தவிர, கை மடியிலேயே இருந்தது. கேரட் உருண்டு மேசைமேல் விழும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன். முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் அதிகாரி, "ஏம்மா, அவர் போதும்னு சொல்றாரே, காதுல விழலையா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பதில் சொல்ல நீங்கள் இல்லை. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"விழுந்துச்சு மேடம். ஆனா அவர் கை மறிக்கலையே."

"என்னது?"

"எங்க பக்கம் இலைக்கு மேல கைய வச்சாத்தான் போதும்னு அர்த்தம். வாயால சொல்றதெல்லாம் மரியாதைக்கு."

அவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அதிகாரி சத்தமாகச் சிரித்துவிட்டு, தட்டை இரண்டு கைகளாலும் மூடிக் காட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கப்பலில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இப்படிச் செய்தால் புகார் வரும், கற்றுக்கொள்வாயா என்று கேட்டார்.

"கத்துக்குவேன் சார். ஆனா 'போதுமா'ன்னு மட்டும் யாரையும் கேக்க மாட்டேன்."

"வேற எப்படிக் கேட்ப?" என்றார் பெண் அதிகாரி.

"'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா'ன்னு கேப்பேன்."

பெண் அதிகாரி அதைச் சொன்னதும் அவர் என் பெயருக்கு நேராக எதையோ எழுதினார். வாசலுக்கு வந்து அண்ணனிடம், "எடுத்துட்டாங்க" என்றேன். "யார?" என்று கேட்டார் அண்ணன்.

அதன் பிறகுதான் வீட்டில் 'வேண்டாம்' ஆரம்பித்தது. அது மரியாதைக்குச் சொன்ன வேண்டாம் இல்லை. அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். விக்கிரவாண்டியிலிருந்து சித்தப்பா வந்து, "இங்க மண்டபமா இல்ல? பொட்டப்புள்ளய நடுக்கடல்ல கொண்டுபோய் வுடணுமா?" என்று என்னைத் தவிர எல்லோரிடமும் பேசிவிட்டு, "முடிஞ்சிச்சி, அனுப்பறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

உங்கள் வருடத் திதி வந்தது. பூசை முடிந்து கூடத்தில் இலை போட்டோம். சித்தப்பா, அண்ணன், இன்னும் நெருங்கிய சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பரிமாறியது நான். சாம்பார் முடிந்து, எல்லோரும் சோற்றில் குழி பறித்துக்கொண்டு ரசத்துக்குக் காத்திருந்தார்கள். நான் ரச வாளியோடு சித்தப்பாவின் இலை முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பா, நான் கப்பலுக்குப் போறேன்."

"அதான் பேசி முடிச்சாச்சே. ரசத்த ஊத்து."

"நீங்க பேசினீங்க. நான் இன்னும் பேசல. பேசிட்டு ஊத்தறேன்."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் அவருடைய இலையையே பார்த்துக்கொண்டு பேசினேன். என்னோடு வளவனூரிலிருந்து இன்னொரு பெண்ணும் சேருகிறாள், தங்குவதற்குப் பெண்களுக்குத் தனி அறை உண்டு, கரை தொடும்போதெல்லாம் போன் செய்வேன், சீசன் முடிந்ததும் வீட்டுக்குத்தான் வருவேன் என்றேன். "அண்ணி இருந்திருந்தா இதையெல்லாம் அவங்க பேசியிருப்பாங்க. இப்ப நான்தான் பேசணும்" என்றேன். குரல் நடுங்கியது. வாளி நடுங்கவில்லை.

"சோறு ஆறுதும்மா" என்றார் சித்தப்பா.

"நீங்க சரின்னு சொன்னா சூடா ஊத்தறேன்."

வரிசையின் கோடியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணன். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நாங்கள் கேட்கவில்லை. "இது அவ வேலை சித்தப்பா. இப்படித்தான் எங்க அம்மாவ இலைல ஒக்கார வச்சி மடக்குனா. எப்பப் பாத்தாலும் இதே வேலை அவளுக்கு" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போவட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

சித்தப்பா இலையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "போ. எங்கனா போ. மொதல்ல ஊத்து" என்றார். ஊற்றினேன். கையை மறிக்கும்வரை ஊற்றினேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "ஏன்டி, எனக்கே தெரியாம இந்த வாய எங்க வச்சிருந்த?" என்றார்.

பயிற்சியில் உயரமான பலகையிலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்கச் சொன்னார்கள். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்து, காலைப் பின்னிக்கொண்டு குதிக்க வேண்டும். நகரத்துப் பெண்கள் சிலர் அழுதார்கள். நான் முதல் ஆளாகக் குதித்தேன். தீயை எப்படி அணைப்பது, உயிர்காக்கும் படகில் எப்படி ஏறுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் என் பெயரில் இருக்கிறது. இன்று விழுப்புரம் ஸ்டேஷனில் அம்மா அதை வாங்கி, எங்களைத் தெரியாத பக்கத்து பெஞ்சுக்காரர்களிடம்கூடக் காட்டினார். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "எங்க பொண்ணு கப்பலுக்குப் போவுது, வழி வுடுங்க" என்று அவர் கத்தியதில் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இந்த முறை பெருமை கொஞ்சம் கூடுதல்.

செங்கல்பட்டில் ஒரு குடும்பம் ஏறியது. புனேவுக்குப் போகிறார்கள். கணவன், மனைவி, ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. "தனியாவா போற?" என்று அந்த அக்கா கேட்டார். வளவனூர்ப் பெண் முன்பே மும்பைக்குப் போய்விட்டாள் என்றும், கப்பலில் பரிமாறப் போகிறேன் என்றும் சொன்னேன். "கப்பல்ல பரிமாறக் கத்துக்குடுத்தது யாரு?" என்று கேட்டார். எங்கள் அண்ணி என்று ஆரம்பித்தேன். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணி. பெண் வீட்டுச் சமையல்காரரோடு நீங்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டது, மயிலத்துக் கல்யாணத்தில் மணமகளின் தாத்தா உங்களைச் சம்பந்தி என்று நினைத்துக் காலில் விழ வந்தது, மழையில் பந்தல் ஒழுகியபோது விருந்தாளிகளின் தலைக்கு நீங்கள் வாழை இலை பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் குரலிலேயே சொன்னேன் போலிருக்கிறது. அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க அண்ணி இன்னைக்கு வழியனுப்ப வந்தாங்களா?" என்று கேட்டார் அந்த அக்கா.

"இல்லக்கா. போன வருஷம் தவறிட்டாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தைக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. என் முட்டியைத் தட்டி, "இன்னொன்னு சொல்லுக்கா" என்றது.

சொன்னேன். அரக்கோணம் வரும்வரை சொன்னேன்.

இப்போது அந்தக் குழந்தை தூங்குகிறது. எழுந்ததும் மறுபடியும் கேட்கும். கேட்கட்டும். ஒரு சீசன் முழுக்கச் சொன்னாலும் தீராத அளவுக்கு என்னிடம் இருக்கிறது.